ஜிடிபியில் டிபக் லாக்: சுங்கை சிப்புட் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் லோரி எடைமேடை, டீசல் பம்பு, சம்பளக் கணக்கு என்று பலவற்றுக்கும் பின்னால் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருக்கும் ப்ரோகிராமை யாரோ என்றைக்கோ சி அல்லது சி++ மொழியில் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது அதைக் கட்டிக் காப்பவர்கள் ஈப்போவில் பொலிடெக்னிக் முடித்துவிட்டு ஊருக்கே திரும்பிய நம் பிள்ளைகள். ஏதாவது தொங்கினால் (பதில் சொல்லாமல் நின்றுவிட்டால்) ஜிடிபி என்ற டிபக்கரை, அதாவது ஓடும் ப்ரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவியைத் திறக்கிறார்கள், நடந்ததைக் கோப்பில் பதியும் லாக் எடுக்கப் பார்க்கிறார்கள், அங்கே சிக்குகிறார்கள். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

லாக் என்றால் லாக்தானே? இதில் என்ன இரண்டு வகை என்கிறீர்கள்?

பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

ஜிடிபியில் 'செட் லாகிங்' என்று ஒரு குடும்பம் உண்டு, 'செட் டிபக்' என்று இன்னொரு குடும்பம் உண்டு. முதலாவது, ஜிடிபி திரையில் காட்டுவதை ஒரு கோப்பிலும் எழுதி வைக்கும். பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற வரிசை), மாறிகளின் மதிப்பு, எச்சரிக்கை எல்லாம் அதில் வரும். இரண்டாவது, ஜிடிபி தன் உள்வேலையைத் தானே புலம்பச் செய்வது: இந்த சிக்னல் வந்தது, இந்தத் திரெட்டை (ப்ரோகிராமுக்குள் தனியே ஓடும் ஒரு வேலைச் சரத்தை) நிறுத்தினேன், இந்தக் கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. தோட்டத்துக் கணக்கில் சொன்னால், முதலாவது கிராணி (எழுத்தர்) துரையிடம் சொன்ன பதில். இரண்டாவது, அந்தப் பதிலைச் சொல்ல கிராணி எந்த லயத்துக்குப் போனார், எந்த செக்ரோலை (வருகைப் பதிவேட்டை) புரட்டினார் என்ற கதை.

உங்கள் ப்ரோகிராமில் கோளாறு என்றால் முதல் வகை போதும். ஜிடிபியே விசித்திரமாக நடந்தால் மட்டும் (பிரேக்பாயின்ட்டில், அதாவது நிற்கச் சொல்லிக் குறித்த இடத்தில், நிற்க மறுக்கிறது, தூரத்துப் பெட்டியோடு இணைய ஒரு யுகம் ஆகிறது, ஃபங்ஷன், மாறிகளின் பெயர் விவரமான சிம்பல் கிடைக்கவில்லை என்கிறது) இரண்டாவது வேண்டும். பலர் முதல் நாளே இரண்டாவதைத் திறந்துவிட்டு ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் தங்கள் பிழையைத் தேடுகிறார்கள். அது அங்கே இருக்காது.

முதல் வகையை எப்படித் திறப்பது?

மூன்று வரி. 'செட் லாகிங் ஃபைல்' என்று போட்டுக் கோப்பின் பெயர். அடுத்து 'செட் லாகிங் எனேபிள்ட் ஆன்'. வேலை முடிந்ததும் அதையே 'ஆஃப்' என்று போடுங்கள். பெயர் கொடுக்காவிட்டால் 'ஜிடிபி.டிஎக்ஸ்டி' என்ற பெயரில் எழுதும்.

இயல்பாக அது பழைய கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க 'செட் லாகிங் ஓவர்ரைட் ஆன்' உண்டு. நான் அதைப் போடுவதில்லை. நேற்றைய பேக்ட்ரேஸும் இன்றையதும் ஒரே கோப்பில் மேலும் கீழுமாக இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

ஒன்று முக்கியம். லாக் திறந்திருக்கும்போது ஓவர்ரைட், ரீடைரக்ட் போன்றவற்றை மாற்றினால் உடனே பலிக்காது. அணைத்துவிட்டுத் திரும்பத் திறக்கச் சொல்லி ஜிடிபியே எச்சரிக்கும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் அமைத்துவிட்டுக் கடைசியில் 'எனேபிள்ட் ஆன்' போடுங்கள். இப்போது எது எப்படி இருக்கிறது என்று பார்க்க 'ஷோ லாகிங்'.

அண்ணே, ஒரு பெட்டியில் 'எனேபிள்ட்' என்றால் புரியவில்லை என்கிறது, இன்னொன்றில் பழைய கட்டளைக்கு எச்சரிக்கை வருகிறது. எதைப் போடுவது?

ஜிடிபி 12க்கு முன்பு வரை 'செட் லாகிங் ஆன்' என்றுதான் இருந்தது. 2022இல் வந்த அந்த 12ஆம் பதிப்பிலிருந்து 'செட் லாகிங் எனேபிள்ட் ஆன்'. பழையது உடனே செத்துவிடவில்லை, ஆனால் இனி வேண்டாம் என்று சொல்லும். உபுண்டு 20.04இல் இருப்பது ஜிடிபி 9, டெபியன் 11இல் இருப்பது 10, இரண்டிலும் பழைய வடிவம். உபுண்டு 22.04இல் 12, டெபியன் 12இல் 13, இவற்றில் புதியது. தோட்டத்துப் பெட்டிகளை யாரும் அடிக்கடி புதுப்பிப்பதில்லை என்பதால் இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதுதான். போனதும் 'ஷோ வெர்ஷன்' பாருங்கள்.

கோப்பு எங்கே போனது? தேடித் தேடிப் பார்த்தாச்சு.

ஜிடிபியை எந்த அடைவிலிருந்து திறந்தீர்களோ அங்கே. சூடோ (நிர்வாகி உரிமை) போட்டுத் திறந்திருந்தால் கோப்பின் உரிமையாளர் ரூட் ஆகியிருப்பார். அப்புறம் நகலெடுக்க முடியவில்லை என்று எனக்கு இன்னொரு செய்தி வரும். முழுப் பாதையைக் கொடுத்துவிடுவது நல்லது.

டெம்ப் அடைவில் மட்டும் வைக்காதீர்கள். பல லினக்ஸ் பெட்டிகளில் மறுதொடக்கம் ஆனால் அது காலியாகிவிடும். நம் பக்கம் சாயங்கால மழை இடியோடுதான் வரும். மின்சாரம் போய் வந்தால் உங்கள் லாக்கும் போய்விடும், வராது.

நான் தட்டிய கட்டளைகள் லாக்கில் இல்லை, பதில்கள் மட்டும் இருக்கின்றன. எது எதற்குப் பதில் என்றே தெரியவில்லை.

'செட் ட்ரேஸ்-கமாண்ட்ஸ் ஆன்' போடுங்கள். ஒவ்வொரு கட்டளையும் முன்னால் ஒரு கூட்டல் குறியோடு பதிவாகும். எனக்கு லாக் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் போட்டே அனுப்புங்கள்.

ப்ரோகிராம் அச்சிடும் வரிகளும் லாக்கில் வரவில்லையே?

வராது. ஜிடிபி தன் வாயிலிருந்து வருவதைத்தான் எழுதும். உங்கள் ப்ரோகிராம் அச்சிடுவது நேரே முனையத்துக்குப் போகிறது. அதை 'ரன்' கட்டளைக்குப் பின்னால் பெரிதெனும் குறி போட்டு வேறொரு கோப்புக்குத் திருப்பலாம். 'செட் இன்ஃபீரியர்-டிடிஒய்' கொண்டு வேறொரு முனையத்துக்கும் அனுப்பலாம்.

நீங்கள் தட்டியது, ஜிடிபி சொன்னது, ப்ரோகிராம் சொன்னது எல்லாம் நடந்த வரிசையில் ஒரே கோப்பில் வேண்டுமென்றால் லினக்ஸின் 'ஸ்கிரிப்ட்' கட்டளைக்குள் ஜிடிபியைத் திறங்கள். நிறக் குறியீடுகளும் கோப்புக்குள் குப்பையாக வரும். அதற்கு 'செட் ஸ்டைல் எனேபிள்ட் ஆஃப்'.

'ரீடைரக்ட் ஆன்' போட்டேன், திரை அப்படியே நின்றுவிட்டது. ஹேங் ஆகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ரீடைரக்ட் என்றால் எல்லாம் கோப்புக்கு மட்டும், திரைக்கு எதுவும் இல்லை. ஜிடிபி வேலை செய்துகொண்டே இருக்கலாம், நீங்கள் பார்க்க முடியாது. பக்கம் நிறைந்ததும் 'தொடர என்டர் அழுத்துக' என்று கேட்கும் பழக்கமும் அதற்கு உண்டு. ஆள் பக்கத்தில் இல்லாமல் லாக் எடுக்கும்போது அது வந்து வழியை மறித்தால் விடிய விடிய அங்கேயே நிற்கும். எப்போது லாக் எடுத்தாலும் முதல் வரியாக 'செட் பேஜினேஷன் ஆஃப்' போடுங்கள்.

திரையைக் காலி செய்யாமல் டிபக் புலம்பலை மட்டும் கோப்புக்குத் தள்ள 'செட் லாகிங் டிபக்ரீடைரக்ட் ஆன்' இருக்கிறது. நான் விரும்பிப் பயன்படுத்துவது இதுதான். திரையில் என் கேள்வியும் பதிலும் மட்டும் இருக்கும், சத்தமெல்லாம் கோப்பில்.

எடைமேடை ப்ரோகிராம் தொங்கிவிடுகிறது. ஆனால் லோரிகள் வரிசையில் நிற்கின்றன, அதிக நேரம் பிடித்து வைக்க முடியாது. என்ன செய்வது?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓடும் ப்ரோகிராமில் ஜிடிபியை ஒட்டவைத்த அந்த நொடியே அது நின்றுவிடும். எல்லாத் திரெட்டும் நிற்கும். நீங்கள் நிதானமாக யோசிக்கும்போது மேடையில் லோரி ஏறி நிற்கும், டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டுவார். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைக்கப் பார்ப்பார்கள். தாமதமானால் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் ஏறும், தரம் இறங்கும். அதனால் உட்கார்ந்து துருவுவது வேண்டாம். படம் பிடித்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

ஜிடிபியை '-பி' என்று போட்டுப் ப்ரோசஸ் எண், பிறகு '-பேட்ச்', பிறகு ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு '-இஎக்ஸ்'. கட்டளைகள் இந்த வரிசையில்: பேஜினேஷன் ஆஃப், லாகிங் ஃபைல், லாகிங் எனேபிள்ட் ஆன், கடைசியாக 'திரெட் அப்ளை ஆல் பிடி' (எல்லாத் திரெட்டின் பேக்ட்ரேஸும் தரும்). பேட்ச் முறையில் வேலை முடிந்ததும் ஜிடிபி தானே பிடியை விட்டுவிடும், ப்ரோகிராம் தொடர்ந்து ஓடும். அந்தச் சின்ன இடைவெளியை மேடையில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இந்த வரியை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி, கோப்பின் பெயரில் தேதியையும் நேரத்தையும் ஷெல்லே ஒட்டும்படி வைத்துவிடுங்கள். தொங்கியதும் அலுவலகக் கிராணியே ஒரு சொல் தட்டி ஓடவிடலாம், நீங்கள் ஈப்போவிலிருந்து ஓடி வர வேண்டாம். ஒரு முறை எடுத்துவிட்டு, சில விநாடி கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு படத்திலும் ஒரு திரெட் அதே வரியில் நின்றால் அது உண்மையிலேயே தொங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இடம் மாறியிருந்தால் அது மெதுவாக ஓடுகிறது, தொங்கவில்லை.

அப்படி எடுத்த லாக்கை எப்படிப் படிப்பது? எடைமேடைகளில் நான் பார்க்கும் வழக்கமான காட்சி இது. எடைகாட்டி சீரியல் கம்பி வழியாக எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு திரெட் அதைப் படிக்கும், இன்னொன்று திரையில் எடையைக் காட்டும், மற்றொன்று சீட்டு அச்சிடும். லாக்கில் ஒவ்வொரு திரெட்டின் உச்சி வரியை மட்டும் முதலில் பாருங்கள். ஒன்றின் உச்சியில் 'ரீட்' என்றிருக்கும். சீரியல் போர்ட்டில் எழுத்துக்காகக் காத்திருக்கிறது. அது சாதாரணம். மற்ற இரண்டின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே 'பிதிரெட் மியூட்டெக்ஸ் லாக்' (இந்த லாக் பூட்டு, பதிவு அல்ல) என்று இருந்தால் கதை முடிந்தது. அவை ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கின்றன. அந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே முதல் திரெட் சீரியல் போர்ட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. கம்பி தளர்ந்தோ இடியில் போர்ட் போயோ எழுத்து வராமல் நின்றால் மூன்றும் சேர்ந்து நிற்கும். பூட்டைப் பிடிக்காமல் படித்து, படித்து முடித்த பிறகு பூட்டும்படி மாற்றினால் சரியாகும். இதற்கு எந்த டிபக் வகையும் தேவைப்படவில்லை, பார்த்தீர்களா.

இணைக்கவே அனுமதி மறுக்கிறது என்றால், உபுண்டுவில் யாமா என்ற பாதுகாப்பு 'பிட்ரேஸ் ஸ்கோப்' என்பதை 1 என்று வைத்திருக்கும். அந்த நிலையில் தான் பெற்ற ப்ரோசஸைத்தான் தொடலாம். சூடோ போட்டு ஓட்டினால் போதும். அந்த எண்ணை 0 என்று மாற்றிவிட்டு மறந்துபோகிற வேலை வேண்டாம்.

சரி, இரண்டாவது வகை. 'செட் டிபக்' போட்டால் நீளமான பட்டியல் வருகிறது. எதைத் திறப்பது?

எல்லாவற்றையும் ஒரே அடியில் திறக்கும் கட்டளை ஜிடிபியில் கிடையாது. இல்லாததே நல்லது என்பேன். 'ஷோ டிபக்' என்று தட்டினால் எது எது திறந்திருக்கிறது என்று காட்டும். நம் வேலைக்கு அடிக்கடி கை கொடுப்பவை சிலதான்.

'செட் டிபக் இன்ஃப்ரன் 1': ப்ரோகிராம் ஏன் நின்றது, ஏன் நிற்கவில்லை, ஸ்டெப் போட்டால் ஏன் எங்கோ குதிக்கிறது என்பதற்கு. எந்தத் திரெட்டுக்கு எந்த சிக்னல் வந்தது, அதை ஜிடிபி என்ன செய்தது என்று வரி வரியாகச் சொல்லும். வாயாடி. தேவையான ஸ்டெப்புக்கு முன்னால் திறந்து, அந்த ஒரு ஸ்டெப் முடிந்ததும் 0 போட்டு மூடுங்கள்.

'செட் டிபக் செபரேட்-டிபக்-ஃபைல் 1': சிம்பல் கிடைக்காதபோது. எந்தெந்தப் பாதையில் தேடினேன், எதில் இல்லை என்று அப்படியே காட்டும். பில்ட்-ஐடி (ஒவ்வொரு பில்டுக்கும் உரிய அடையாளக் குறி) பொருந்தவில்லை என்றால் ஆலையில் ஓடுவதும் உங்கள் மடிக்கணினியில் இருப்பதும் வேறு வேறு பில்ட். யாரோ இடையில் ஒரு தடவை பென்டிரைவில் வந்து மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது நடக்காத ஆலை எனக்குத் தெரிந்து இல்லை.

'செட் டிபக் ரிமோட் 1': தூரத்துப் பெட்டியோடு பேசும்போது. இதற்குத் தனிக் கேள்வி கீழே வருகிறது.

'செட் டிபக் ஃப்ரேம் 1': பேக்ட்ரேஸ் பாதியில் அறுந்து கேள்விக்குறிகளாக வரும்போது. படிப்பது சிரமம், கடைசியாக முயலுங்கள்.

பைத்தானில் எழுதிய அச்சு அழகி (ப்ரெட்டி-ப்ரின்டர், மதிப்புகளைப் படிக்க வசதியாக அச்சிடுவது) வேலை செய்யாமல் ஒற்றை வரி பிழை மட்டும் வந்தால், அதற்கு டிபக் குடும்பம் வேண்டாம். 'செட் பைத்தான் ப்ரின்ட்-ஸ்டேக் ஃபுல்' என்று போட்டால் முழு ட்ரேஸ்பேக் வரும்.

சிம்பல் ஏற்றும்போதே நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் '-இஎக்ஸ்' பயன்படாது. அது ஏற்றி முடித்த பிறகுதான் ஓடும். '-ஐஇஎக்ஸ்' போடுங்கள், அது முன்னாலேயே ஓடிவிடும். 'டிபக் போட்டேன், ஒன்றுமே வரவில்லை' என்பவர்களில் பலருக்கு மருந்து இதுதான்.

ஷெல்லில் பெரிதெனும் குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பினேன். டிபக் வரிகள் மட்டும் திரையிலேயே வருகின்றனவே?

அவை ஸ்டாண்டர்டு எரர் வழியாக வருகின்றன. அதையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். இல்லையேல் ஜிடிபியின் சொந்த லாகிங்கையே பயன்படுத்துங்கள், அது இரண்டையும் பிடிக்கும்.

வரிகளில் நேரம் வரவைக்க முடியுமா? எடைகாட்டியின் லாக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

'செட் டிபக் டைம்ஸ்டாம்ப் ஆன்'. டிபக் வரிகளுக்கு முன்னால் நேரம் வரும், விநாடியும் அதன் பின்னங்களுமாக. சாதாரண பேக்ட்ரேஸ் வரிகளுக்கு வராது. அங்கே நேரம் வேண்டுமானால் 'ஷெல் டேட்' என்று போடலாம், ஆனால் அதன் விடை நேரே திரைக்குப் போகும், லாக்கில் விழாது. அதனால்தான் கோப்பின் பெயரிலேயே நேரத்தை வைக்கச் சொன்னேன். பெட்டியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். இணையம் இல்லாத எடை அறையில் அது மணிக்கணக்கில் பிசகியிருக்கும்.

நான் டவுனில் இருக்கிறேன், பெட்டி தோட்டத்தில். ஜிடிபிசர்வரோடு இணைய அவ்வளவு நேரம் ஆகிறது. லாக்கில் என்ன பார்ப்பது?

ஜிடிபிசர்வர் என்பது தூரத்துப் பெட்டியில் இருந்துகொண்டு உங்கள் ஜிடிபியோடு பேசும் சின்னத் துணைப் ப்ரோகிராம். 'செட் டிபக் ரிமோட் 1' போட்டு இணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாக்கெட்டும் டாலர் குறியில் தொடங்கி ஹேஷ் குறியும் இரண்டு இலக்கச் சரிபார்ப்பு எண்ணுமாக முடியும். அவற்றில் 'விஃபைல்' என்று தொடங்குபவை வரிசை வரிசையாகப் போகின்றனவா? அப்படியானால் ஜிடிபி தோட்டத்துப் பெட்டியிலிருந்து லைப்ரரிக் கோப்புகளை முழுசாக இழுத்துக்கொண்டிருக்கிறது. 'செட் சிஸ்ரூட்' போட்டு லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லாவிட்டால் அது எதிர்ப்பக்கப் பெட்டியைத்தான் நம்பும். கைப்பேசி சிக்னல் இரண்டு கோடு காட்டும் இடத்தில் அதற்கு நெடுநேரம் பிடிக்கும். அந்த லைப்ரரிகளை ஒருமுறை நேரில் போய் நகலெடுத்து வந்து, சிஸ்ரூட்டை உங்கள் மடிக்கணினியில் உள்ள அந்த அடைவுக்குத் திருப்புங்கள். காத்திருப்பின் பெரும்பகுதி காணாமல் போகும்.

பேச்சை மட்டும் தனிக் கோப்பில் வைக்க 'செட் ரிமோட்லாக்ஃபைல்' இருக்கிறது. மறுபக்கத்தில் ஜிடிபிசர்வருக்கும் '--டிபக்' உண்டு, '--டிபக்-ஃபார்மட்=டைம்ஸ்டாம்ப்' போட்டால் நேரமும் வரும். இரண்டு பக்க லாக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தாமதம் கம்பியிலா பெட்டியிலா என்று தெரிந்துவிடும்.

ஒரு கண்டிப்பு. ஜிடிபிசர்வருக்குக் கடவுச்சொல் கிடையாது. போர்ட்டைத் தொட்டவன் அந்தப் பெட்டியில் எதையும் செய்யலாம். இணையத்தில் திறந்து போடாதீர்கள், எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள் மட்டும் விடுங்கள். அந்தப் பக்கத்தில் டீமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் மூடாமல் இருக்கும் முனையம்) திறந்து அதற்குள் ஓட்டினால் சிக்னல் அறுந்தாலும் வேலை அறுந்துபோகாது.

லாக் போட்டால் பிழை வருவதில்லை, எடுத்தால் வருகிறது. பேயா?

நேரம் மாறுகிறது, அவ்வளவுதான். இன்ஃப்ரன் போன்ற வாயாடி லாக் ஒவ்வொரு நிறுத்தத்தையும் தாமதப்படுத்தும். இரண்டு திரெட் முட்டிக்கொள்ளும் அந்த நுண்நொடி நழுவிவிடும். பிழை மறைந்தது என்பதே ஒரு செய்தி: ரேஸ் கண்டிஷனாக இருக்கலாம். டிபக் வகைகளை மூடுங்கள். பிரேக்பாயின்ட்டுக்குப் பதில் 'டிப்ரின்ட்எஃப்' வைத்துப் பாருங்கள். இடத்தைச் சொல்லி, அச்சிட வேண்டியதையும் சொன்னால் உங்களிடம் கேட்காமல் எழுதிவிட்டுத் தொடரும், மூலத்தைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம். அதுவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறுத்துகிறது என்பதால் வேகமாகச் சுற்றும் லூப்புக்குள் வைக்காதீர்கள். 'செட் டிப்ரின்ட்எஃப்-ஸ்டைல் கால்' என்று மாற்றினால் ப்ரோகிராமின் சொந்த ப்ரின்ட்எஃப்பையே கூப்பிடும். அப்போது அந்த வரிகள் ஜிடிபி லாக்கில் விழாது, ப்ரோகிராம் அச்சிடும் இடத்தில்தான் விழும்.

இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டுமா?

வேண்டாம். வீட்டு அடைவில் 'ஜிடிபிஇனிட்' கோப்பில் (பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி) பேஜினேஷன் ஆஃப், ட்ரேஸ்-கமாண்ட்ஸ் ஆன், லாகிங் ஃபைல் மூன்றையும் எழுதி வையுங்கள். 'எனேபிள்ட் ஆன்' மட்டும் கையால் போடுவதே என் பழக்கம். எப்போதும் திறந்து கிடக்கும் லாக்கை யாரும் படிப்பதில்லை.

ப்ராஜெக்ட் அடைவில் வைத்த ஜிடிபிஇனிட்டை ஜிடிபி ஏற்க மறுத்தால் அது கோளாறு இல்லை. முன்பின் தெரியாத அடைவில் உள்ள கட்டளைகளை ஓட்டக்கூடாது என்ற பாதுகாப்பு. 'ஆட்டோ-லோட் சேஃப்-பாத்' என்பதில் அந்த அடைவைச் சேர்த்துவிடுங்கள், எல்லாவற்றையும் திறந்துவிடும் குறுக்குவழி வேண்டாம்.

டிஸ்க் நிறைந்துவிட்டது.

டிபக் ஒன்றைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். ஜிடிபி தன் லாக்கைத் தானே வெட்டாது, சுழற்றாது. 'செட் லாகிங் எனேபிள்ட் ஆஃப்' போட்டாலும் டிபக் வகை மூடாது, திரையில் புலம்பிக்கொண்டே இருக்கும். இரண்டையும் தனித்தனியாக மூட வேண்டும்.

விஎஸ் கோடில் செய்கிறேன், ஜிடிபி முனையமே தெரியவில்லை. மேக்கில் எல்எல்டிபி இருக்கிறது. என்ன செய்ய?

விஎஸ் கோடில் சி++ நீட்டிப்பின் 'லாஞ்ச்' கோப்பில் 'லாகிங்' என்ற பகுதிக்குள் 'என்ஜின்லாகிங்' என்பதை 'ட்ரூ' என்று வையுங்கள். விஎஸ் கோடுக்கும் ஜிடிபிக்கும் நடக்கும் பேச்சு டிபக் கன்சோலில் கொட்டும். அதே கன்சோலில் '-எக்ஸெக்' என்று முன்னால் போட்டு மேலே சொன்ன கட்டளைகளையும் தரலாம். பைத்தானுக்கு 'லாக்டூஃபைல்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் போதும்.

எல்எல்டிபியில் (மேக்கில் ஜிடிபிக்குப் பதில் வரும் டிபக்கர்) 'லாக் எனேபிள்', '-எஃப்' போட்டுக் கோப்பு, பிறகு 'எல்எல்டிபி', பிறகு வகை. வகைகளைக் காண 'லாக் லிஸ்ட்'. அங்கே 'ஆல்' என்று எல்லாவற்றையும் திறக்க வழி உண்டு. உண்டு என்பதற்காகத் திறக்க வேண்டியதில்லை.

லாக்கை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அனுப்புவதற்கு முன் ஒருமுறை திறந்து படியுங்கள். 'பிடி ஃபுல்' என்றால் ஒவ்வொரு ஃப்ரேமின் உள்மாறிகளும் வரும். எடைச்சீட்டு ப்ரோகிராமில் டிரைவரின் பெயர், 12 இலக்க மைகார்டு எண், லோரி எண், சில நேரம் டேட்டாபேஸ் கடவுச்சொல்கூட அதில் பச்சையாகக் கிடக்கும். மைகார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி. சம்பளக் கணக்கு ப்ரோகிராம் என்றால் கேட்கவே வேண்டாம். இத்தகைய விவரங்களைக் காக்க மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 709, இருக்கிறது. டிபக் லாக் என்பதால் அதற்கு விலக்கு கிடைத்துவிடாது.

முதலில் 'ஃபுல்' இல்லாமல் வெறும் 'பிடி' எடுங்கள். அதிலும் ஃபங்ஷனுக்குள் போகும் மதிப்புகளை மறைக்க 'செட் ப்ரின்ட் ஃப்ரேம்-ஆர்க்யுமென்ட்ஸ் நன்' போட்டால் அவற்றின் இடத்தில் மூன்று புள்ளி மட்டும் வரும். தொங்கல் எங்கே என்று கண்டுபிடிக்க அது பெரும்பாலும் போதும். கோர் டம்ப் மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். அதில் ப்ரோகிராமின் நினைவகமே இருக்கிறது, எதையும் மறைக்க முடியாது.

அனுப்பும்போது கோப்பாக அனுப்புங்கள், திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து அல்ல. கூடவே மூன்று விஷயம் எழுதுங்கள்: ஜிடிபியின் பதிப்பு, தொங்கிய நேரம், அதற்குச் சற்று முன் மேடையில் என்ன நடந்தது.